ராமநாதபுரம் கடற்கரையில் பறவை பார்க்க: பைனாகுலர், ஸ்கோப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தனுஷ்கோடிக்குப் பூநாரை வந்துவிட்டது என்று செய்தித்தாளில் படம் வந்தால் போதும், அடுத்த வாரமே இந்தக் கேள்விகள் வரிசையாக வந்துவிடும். எத்தனை எக்ஸ் (மடங்கு) வாங்குவது, விலை என்ன, ட்ரைபாட்டில் வைத்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும் ஸ்கோப் வேண்டுமா, வேண்டாமா? திரும்பத் திரும்ப வந்தவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். பதில்கள் ராமேசுவரம் தீவு, மண்டபம், காரங்காடு, வாலிநோக்கம் உப்பளம், கரையை அடுத்த கண்மாய்ச் சரணாலயங்கள் ஆகியவற்றை வைத்து எழுதப்பட்டவை. முதுமலைக்கோ வால்பாறைக்கோ போகிறவருக்குச் சில பதில்கள் பொருந்தாது.

பைனாகுலர்ல 8×42-னு போட்டிருக்கே, அதுக்கு என்ன அர்த்தம்?

முதல் எண், எத்தனை மடங்கு நெருக்கமாகத் தெரியும் என்பது. 400 மீட்டருக்கு அப்பால் நிற்கும் பூநாரை எட்டு மடங்கில் 50 மீட்டரில் நிற்பதுபோலத் தெரியும். இரண்டாவது எண், முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில்.

பெரியதைச் சின்னதால் வகுத்தால் மூன்றாவதாக ஓர் எண் கிடைக்கும். பலரும் அதைக் கவனிப்பதில்லை. 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் அது. பைனாகுலரைக் கை நீளத்துக்கு நீட்டி வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால், பின்கண்ணாடியில் அந்த வட்டம் தெளிவாகத் தெரியும். நல்ல வெயிலில் நம் கண்மணி இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் திறந்திருக்கும். விடியற்காலையில் ஐந்து வரை போகும், வயதானவர்களுக்குச் சற்றுக் குறையும். ஆகவே 8×25 மதிய வெயிலில் குறை சொல்ல முடியாததாக இருக்கும், விடிகாலை ஐந்தே முக்காலுக்கு மங்கலாகிவிடும். இந்தக் கரையில் பார்க்கத் தகுந்த நேரமே விடிகாலையும் சாயங்காலமும்தான்.

எட்டா, பத்தா? பத்துதானே பெருசு, அதையே வாங்கிடலாமே?

பத்து மடங்கில் பறவை மட்டும் பெரிதாவதில்லை, கைநடுக்கமும் பெரிதாகிறது. கூடவே பார்வைப் பரப்பு சுருங்கும். நல்ல 8×42-இல் ஆயிரம் மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 130 மீட்டர் அகலம் தெரியும். 10×42-இல் 110-ஐ ஒட்டி நிற்கும். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் காற்றில் சரிந்து போகும் ஆலாவைத் தேடிப் பிடிக்க அந்த 20 மீட்டர் பெரிய வித்தியாசம்.

ஆனாலும் இங்கே பத்துக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. மறைக்க மரமில்லாத திறந்த சேற்றுவெளி, பறவையோ தூரத்தில். எங்கள் கருத்து: பின்னால் ஸ்கோப் வாங்கும் எண்ணம் இருந்தால் எட்டு, பைனாகுலரோடு நிறுத்திக்கொள்பவர், கை நிதானமானவர் என்றால் பத்து. பன்னிரண்டுக்கு மேல் எதையும் கையில் பிடித்துப் பார்க்க முடியாது. வாடைக்காற்று வீசும் நாளில் பன்னிரண்டும் முடியாது.

கடைத்தெருவுல மடக்குற மாதிரி சின்னதா 30×60 பைனாகுலர், நைட் விஷனாம், ஐந்நூறு ரூபாய்க்குத் தர்றாங்களே. அது பத்தாதா?

அதன் நடுப்பட்டையைப் பாருங்கள். ‘30×60’ என்பதன் கீழே ‘126 மீ / 1000 மீ’ என்று அச்சிட்டிருக்கும். முப்பது மடங்கு பெருக்கும் கருவியில் ஆயிரம் மீட்டருக்கு 126 மீட்டர் பரப்புத் தெரிய வழியே இல்லை. எட்டு மடங்கு பைனாகுலருக்கு உரிய பரப்பு அது. ஆக, பட்டையில் உள்ள இரண்டு வரிகளே ஒன்றையொன்று மறுக்கின்றன. அடுத்து ஒரு ஸ்கேலை முன்கண்ணாடி மேல் வையுங்கள். 60 மி.மீ. என்றால் ஆறு சென்டிமீட்டர், நல்ல எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். இருக்காது.

முன்கண்ணாடி மாணிக்கச் சிவப்பாக மின்னினால் அது தரத்துக்கு அடையாளம் அல்ல. சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் உள்ளே எல்லாம் நீலம் பாய்ந்து தெரியும். பவளக்காலிக்கும் பச்சைக்காலிக்கும் முதல் அடையாளமே கால் நிறம்தான் என்னும்போது, நிறத்தை மாற்றிக் காட்டும் கண்ணாடி எதற்கு? ‘நைட் விஷன்’ என்பது வெறும் அச்சு. 10-லிருந்து 30 வரை ஜூம் ஆகும் பைனாகுலர்களையும் தவிர்த்துவிடுங்கள். இரண்டு குழல்களும் ஒரே அளவில் ஜூம் ஆகாமல் சீக்கிரமே இரட்டைப் பிம்பம் காட்டும்.

அப்ப எவ்வளவு ஒதுக்கணும்? என்னென்ன பார்த்து வாங்கணும்?

விலை மாறிக்கொண்டே இருக்கும் என்றாலும் தோராயமாக: தோள் அகன்ற பழைய வடிவமான போரோ பிரிசம் (பிரிசம் என்பது குழலுக்குள் ஒளியைத் திருப்பும் கண்ணாடிக் கட்டி) 8×40 ஆறாயிரம், ஏழாயிரத்தில் தொடங்கும். குழல் நேராக இருக்கும் ரூஃப் பிரிசம் 8×42, தண்ணீர் புகாதது, பன்னிரண்டாயிரத்துக்கு மேல். குறைந்த விலையில் போரோவின் காட்சிதான் தெளிவு. ஆனால் அந்த விலைப் போரோக்களில் பெரும்பாலானவை காற்றுப் புகாதபடி அடைக்கப்படாதவை, உப்பு ஈரம் உள்ளே போகும்.

விவரக் குறிப்பில் நான்கைத் தேடுங்கள். பிரிசம் பி.ஏ.கே.4 வகைக் கண்ணாடியா. எல்லாக் கண்ணாடிப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு உண்டா. ரூஃப் பிரிசம் என்றால் ஃபேஸ் கோட்டிங் (படக் கூர்மை குறையாமல் காக்கும் பிரிசப் பூச்சு) உண்டா. உள்ளே நைட்ரஜன் நிரப்பித் தண்ணீர் புகாதபடி அடைத்திருக்கிறதா. கையிருப்பு குறைவாக இருந்து ஈ.டி. கண்ணாடியா, தண்ணீர்க் காப்பா என்று வந்தால் இந்தக் கரைக்குத் தண்ணீர்க் காப்பையே எடுங்கள். ஈ.டி. கண்ணாடி வெள்ளைப் பறவையின் ஓரத்தில் தெரியும் ஊதா விளிம்பைக் குறைக்கும், அவ்வளவுதான். பூஞ்சை பிடித்த கண்ணாடியில் ஈ.டி. இருந்தும் பயனில்லை.

கடையிலேயே நல்லதா இல்லையான்னு சோதிச்சுப் பார்க்க முடியுமா?

முடியும், ஐந்து நிமிடம் போதும். கடைக்கு வெளியே வந்து தூரத்தில் ஓடும் மின்கம்பியைப் பாருங்கள். பார்த்தபடியே பைனாகுலரைக் கண்ணிலிருந்து மெதுவாக ஒரு சாண் பின்னால் விலக்குங்கள். இடது வட்டத்திலும் வலது வட்டத்திலும் கம்பி ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஏறி இறங்கி இருந்தால் குழல்கள் ஒத்த கோட்டில் இல்லை. அதை வாங்கினால் கால் மணி நேரத்தில் தலைவலி வரும். முதலில் சொன்ன ஒளிவட்டத்தையும் பாருங்கள்: முழு வட்டமாக இல்லாமல் ஓரங்கள் சாம்பல் நிறத்தில் வெட்டுப்பட்டுச் சதுரம்போலத் தெரிந்தால் மலிவான பிரிசம்.

பிறகு குவியச் சக்கரம். ஒரு விரலால் உருள வேண்டும். முன்னும் பின்னும் திருப்பும்போது நடுவில் பிடிப்பில்லாமல் ஓடக் கூடாது. மெல்லக் குலுக்கினால் உள்ளே எதுவும் ஆடும் சத்தம் கேட்கக் கூடாது. இணையத்தில் வாங்கினாலும் பெட்டி வந்த அன்றே இதையெல்லாம் செய்துவிடுங்கள், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள்.

கண்ணாடி போட்டிருக்கேன். கழட்டிட்டுதான் பார்க்கணுமா?

கழற்ற வேண்டியதில்லை. விவரக் குறிப்பில் ‘ஐ ரிலீஃப்’ என்று ஓர் அளவு இருக்கும். பின்கண்ணாடியிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு தள்ளிக் கண்ணை வைத்தால் முழுக் காட்சி கிடைக்கும் என்பது அது. மூக்குக் கண்ணாடி போடுகிறவர்களுக்குக் குறைந்தது 15 மி.மீ. வேண்டும், 17 இருந்தால் வசதி. பின்பக்கத்து ரப்பர்க் கிண்ணத்தை முழுவதும் உள்ளே திருகிவிட்டுப் பாருங்கள். கண்ணாடி போடாதவர்கள் வெளியே திருகி வைக்க வேண்டும். இதைத் தலைகீழாக வைத்துக்கொண்டு ‘கறுப்புக் கறுப்பா நிழல் வருது’ என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

ரெண்டு கண்ணுக்கும் ஒரே மாதிரி தெளிவா இல்லையே, ரிப்பேரா?

பெரும்பாலும் ரிப்பேர் அல்ல, டயாப்டர் (இரு கண்ணின் பார்வை வேறுபாட்டை ஈடுசெய்யும் அமைப்பு) சரிசெய்யவில்லை. வலது பின்கண்ணாடியைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். சிலவற்றில் அது நடுச்சக்கரத்தோடு சேர்ந்திருக்கும். 50 மீட்டரில் உள்ள பெயர்ப்பலகை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வலது முன்கண்ணாடியைக் கையால் மூடி, இடது கண்ணால் பார்த்து நடுச்சக்கரத்தால் எழுத்தைக் கூர்மையாக்குங்கள். இப்போது இடதை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல் வளையத்தை மட்டும் திருப்பி வலது கண்ணுக்குக் கூர்மையாக்குங்கள். வளையம் நின்ற இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் நாலு பேர் மாறி மாறிப் பார்த்தால் அது நகர்ந்துவிடும்.

ஸ்பாட்டிங் ஸ்கோப் உண்மையிலேயே வேணுமா, இல்ல ஆடம்பரமா?

எங்கே போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்களில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கருவேல மரங்களில் கூடு கட்டியிருக்கும்போது கரையிலிருந்து பார்க்க 8×42 தாராளம். மழை பொய்த்துக் கண்மாய் நிரம்பாத ஆண்டில் எந்தக் கருவியாலும் பயன் இல்லை. போவதற்கு முன் தண்ணீர் நிற்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

தனுஷ்கோடி கதை வேறு. 2025-இல் பெரும் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தப் பகுதி 500 எக்டேருக்கு மேல். சாலையோரத்தில் நின்றால் பூநாரைக் கூட்டம் சில நேரம் அரை கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். கூட்டத்தைப் பார்த்து மகிழப் பைனாகுலர் போதும். பெரும் பூநாரைகளுக்கு நடுவே அலகு கருத்த சிறு பூநாரை ஒன்று நிற்கிறதா என்று தேட ஸ்கோப் வேண்டும். சேற்றில் ஓடும் சின்னஞ்சிறு உப்புக்கொத்திகளுக்கு இன்னும் அதிகமாகவே வேண்டும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் அனுமன் உப்புக்கொத்தி, கெண்டிஷ் உப்புக்கொத்தியிலிருந்து 2023-இல்தான் தனி இனமாகப் பிரிக்கப்பட்டது. இரண்டையும் பிரித்தறிய அலகுக்கும் கண்ணுக்கும் இடையே உள்ள விரலகலம்கூட இல்லாத இடத்தின் நிறத்தைப் பார்க்க வேண்டும். 150 மீட்டரில் அதைப் பைனாகுலர் காட்டாது.

65 மில்லி வாங்கவா, 80 மில்லி வாங்கவா? நேரா பாக்குறதா, சாய்ஞ்சு பாக்குறதா?

இந்த எண்கள் முன்கண்ணாடியின் விட்டம். 80 மி.மீ. ஸ்கோப் 60 மடங்கில் தரும் ஒளிவட்டம் 1.3 மி.மீ. 65 மி.மீ. ஸ்கோப் 45 மடங்கில் தருவது 1.4. அதாவது இரண்டும் தம் உச்சத்தில் ஏறக்குறைய ஒரே வெளிச்சம்தான். வேறுபாடு எடையில் இருக்கிறது: 80-க்குக் கனமான ட்ரைபாட் வேண்டும், காற்றையும் அதிகம் வாங்கும். இந்தக் கரையில் 45 மடங்குக்கு மேல் பயன்படுத்தக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு (காரணம் அடுத்த பதிலில்). ஆகவே முதல் ஸ்கோப்புக்கு 65-ஐத்தான் பரிந்துரைக்கிறோம். மிச்சமாகும் பணத்தை ட்ரைபாட்டில் போடுங்கள்.

45 பாகை சாய்ந்த பின்கண்ணாடியே மேல். ட்ரைபாட்டைத் தாழ்வாக வைக்கலாம், வெவ்வேறு உயரமுள்ளவர்கள் ட்ரைபாட்டின் உயரத்தை மாற்றாமல் குனிந்து பார்க்கலாம். நேர்க்குழல் வண்டிக்குள்ளிருந்து பார்ப்பவர்களுக்கு மட்டும் வசதி. சாய்குழலில் பறவையைத் தேடிப் பிடிப்பது முதல் சில நாள் கஷ்டமாக இருக்கும். குறைந்த மடங்கில் பிடித்து, பிறகு ஏற்றுங்கள்.

60 மடங்கு வெச்சா எல்லாம் தண்ணிக்குள்ள ஆடுற மாதிரி ஆடுதே, லென்ஸ் சரியில்லையா?

லென்ஸ்மேல் குற்றம் இல்லை. அது கானல். வெயிலில் மணல் சூடாகி, அதை ஒட்டிய காற்று கொதித்து மேலே எழும்புகிறது. சூடும் குளிர்ச்சியும் கலந்த காற்று ஒளியை அங்குமிங்கும் வளைக்கிறது. மடங்கை ஏற்ற ஏற்ற அந்த நடுக்கமும் ஏறும். லட்ச ரூபாய் ஸ்கோப்பிலும் இதே கதிதான். தனுஷ்கோடியில் காலை ஒன்பது, ஒன்பதரைக்கு மேல் 30 மடங்கைத் தாண்டினால் விவரம் கூடாது, குறையும். மடங்கைக் குறைத்தால் படம் சின்னதாகும், ஆனால் கூர்மை திரும்பி வரும்.

கானலை ஒழிக்க முடியாது, குறைக்கலாம். காய்ந்த மணலுக்கு மேலாகப் பார்க்காமல் தண்ணீருக்கோ ஈரச் சேற்றுக்கோ மேலாகப் பார்க்கும்படி இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வண்டியின் சூடான பானெட்டுக்கு மேலாகப் பார்க்காதீர்கள். ஏசி ஓடும் காரின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் நீங்களே ஒரு கானலை உண்டாக்கிக்கொள்கிறீர்கள். மேகமூட்டமான நாள் கிடைத்தால் விடாதீர்கள்.

வெயிலின் திசையும் இதோடு சேர்ந்தது. டிசம்பர், ஜனவரியில் சூரியன் நாள் முழுக்கத் தெற்கே சாய்ந்தே போகும். அரிச்சல்முனைச் சாலை தென்கிழக்காக ஓடுகிறது. எனவே காலையில் முனையை நோக்கிப் போகும்போது வெயில் முகத்தில் அடிக்கும், பறவையெல்லாம் கருநிழலாகத் தெரியும். நிற்காமல் நேரே போய்விட்டு, திரும்பி வரும் வழியில் மேற்குப் பார்த்து நின்று பாருங்கள். மதியத்துக்குப் பின் சாலைக்கு வடக்கே, பாக் விரிகுடாப் பக்கம், நிறம் அப்படியே தெரியும். தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் அந்த நேரத்தில் கண்ணைக் கூசும்.

ட்ரைபாட் ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்குதே, அது போதாதா?

செல்போனுக்குப் போதும். ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஸ்கோப்பை அதில் வைத்து, காற்றில் 40 மடங்கில் பார்த்தால் பறவை வட்டத்துக்குள் நிற்காது. பாம்பனுக்குக் கிழக்கே காற்று இல்லாத நாளைத் தேட வேண்டும். ஸ்கோப்பின் எடையைப் போல் இரண்டு மடங்காவது தாங்கும் ட்ரைபாட், மெதுவாகச் சுழலும் வீடியோ ஹெட் (ஸ்கோப்பைத் தாங்கும் தலைப்பகுதி) ஆகிய இரண்டும் வேண்டும். ஃபோட்டோவுக்கான பந்து ஹெட் ஸ்கோப்புக்கு ஆகாது. தளர்த்தியதும் குழல் மூக்கைக் கவிழ்த்துக்கொள்ளும்.

நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். மெல்லிய கடைசிக் கால்களை நீட்டாமல், உட்கார்ந்து பார்க்கும் உயரத்தில் விரித்து வையுங்கள். நடுவில் உள்ள கொக்கியில் பையைத் தொங்கவிடுங்கள். பை தரையை லேசாகத் தொட்டபடி இருக்க வேண்டும், அந்தரத்தில் விட்டால் பையே ஆடி ட்ரைபாட்டையும் ஆட்டும். தெற்கிலிருந்து சோழகக்காற்று வீசும் மாதங்களில் வண்டியின் மறைவில் நின்று பார்ப்பதைவிட நல்ல உபாயம் இல்லை.

அமெரிக்காவுல இருக்கிற மச்சான், மான் வேட்டைக்குக் குறுக்குவில்லுல மாட்டுற ஸ்கோப்பைத் தர்றேங்கிறார். அதுல பறவை பார்க்கலாமா?

பார்க்கலாம், பயனிருக்காது. குறுக்குவில் ஸ்கோப் பெரும்பாலும் ஒன்றரையிலிருந்து ஐந்து மடங்குதான், முன்கண்ணாடி 32 மி.மீ. போல. வில் உதைக்கும் என்பதால் கண்ணை மூன்று நான்கு அங்குலம் தள்ளி வைக்கும்படி செய்திருப்பார்கள். கையில் பிடித்துப் பார்த்தால் காட்சி வட்டம் நழுவிக்கொண்டே இருக்கும். தூரத்துக்குத் தகுந்தபடி கூர்மையாக்கும் சக்கரம் இருக்காது. நடுவில் அடுக்கடுக்காகக் கோடுகள் வேறு. அம்பு தூரம் போகப் போகத் தாழும். 20, 30, 40, 50 கெஜத்துக்கு எந்தக் கோட்டை இலக்கில் வைப்பது என்று காட்டவே அந்தக் கோடுகள். பூநாரைக்கு அது எதற்கு?

இன்னொன்று. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் மூன்றாண்டுக்குக் குறையாத சிறை. அனுமதியின்றி ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழைவதே தடை. ஸ்கோப் மட்டும் ஆயுதம் ஆகாது, ஆனால் ஆயுதத்தில் மாட்டும் பொருளோடு திரிந்தால் வனத்துறை விசாரிக்கத்தான் செய்யும்.

சரி, அவர் அங்க லைசென்ஸ் எடுத்துதான் வேட்டைக்குப் போறார். புதுசு வாங்கும்போது எதைப் பார்க்கணும்னு கேக்குறார்?

அவர் இருக்கும் மாநிலத்தில் அது சட்டப்படி நடப்பது என்பதால் சுருக்கமாக. முதலில் அவருடைய வில்லின் அம்பு வேகம் தெரிய வேண்டும், வினாடிக்கு எத்தனை அடி என்று. ஸ்கோப்பில் உள்ள வேக வளையம் (அம்பின் வேகத்துக்கேற்பக் கோடுகளைப் பொருத்துவது) அந்த எண்ணை உள்ளடக்கியதாக இருக்க வேண்டும். பெட்டியில் போட்ட வேகம் ஒரு குறிப்பிட்ட எடை அம்புக்கு உரியது. அவர் கனமான அம்பு போட்டால் உண்மை வேகம் குறையும். அதனால் 20 கெஜத்தில் மேல்கோட்டைச் சரிசெய்த பின், 50 கெஜத்தில் எய்து பார்த்து, அம்பு கோட்டுக்குக் கீழே விழுந்தால் வளையத்தைக் குறைந்த வேகத்துக்கும் மேலே விழுந்தால் கூடுதல் வேகத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும்.

பல மாடல்களில் அந்த வேக வளையமேதான் மடங்கை மாற்றும் வளையமும். சரிசெய்த பிறகு ‘பெரிசாத் தெரியட்டும்’ என்று திருப்பினால் கீழ்க்கோடுகள் எல்லாம் பொய்யாகும். மானை அந்தி வெளிச்சத்தில் பார்ப்பதால் ஒளியூட்டிய கோடு உதவும், ஆனால் அதைக் குறைந்த அளவில் வைக்க முடிய வேண்டும். அதிகப் பிரகாசம் கண்மணியைச் சுருக்கி மானையே மறைத்துவிடும். முதல் பதிலில் சொன்ன ஒளிவட்டக் கணக்கு அங்கேயும் அப்படியே பொருந்தும்.

உப்புக்காத்துல எல்லாம் பூத்துப்போகுதே, எப்படிப் பாதுகாக்கிறது?

கடற்கரையிலிருந்து வந்ததும் சட்டை நுனியால் லென்ஸைத் துடைப்பதுதான் பெரிய கேடு. கண்ணுக்குத் தெரியாத உப்புப் பரலும் மணலும் பூச்சைக் கீறிவிடும். முதலில் ரப்பர் ஊதியால் ஊதுங்கள், பிறகு மென்தூரிகை, அதன் பின் லென்ஸ் துணியைச் சுத்தமான தண்ணீரில் லேசாக நனைத்து ஒற்றி எடுங்கள். கடைசியாகத்தான் உலர்ந்த துணி. உடல் பகுதியை ஈரத்துணியால் துடைக்கலாம். ட்ரைபாட்டின் கால்களை அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, பூட்டுகளைத் திறந்து உலர வைக்க வேண்டும். மணல் புகுந்த திருகுப்பூட்டு ஒரு பருவம்கூடத் தாங்காது.

தோல் உறைக்குள் போட்டுப் பீரோவில் பூட்டுவது பூஞ்சையை வளர்க்கும் வழி. இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நிறம் மாறும் வகை வாங்கினால் எப்போது சூடாக்கி உலர்த்துவது என்று தெரியும். ஏசி அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தால் கண்ணாடி வியர்க்கும். பையை மூடியபடியே கால் மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு திறங்கள்.

காரங்காட்டுல போட்ல போறப்ப ஸ்கோப் எடுத்துட்டுப் போலாமா?

வேண்டாம். ட்ரைபாட் படகோடு ஆடும், நீங்களும் ஆடுவீர்கள். படகுக்கு எட்டு மடங்கே உச்சம், கடலோடிகள் ஏழு மடங்கு வைத்துக்கொள்வதும் இதனால்தான். அலையாத்திக் கால்வாயில் பறவை பக்கத்திலேயே இருக்கும். வாரைக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்; ஐ.பி.எக்ஸ்.7 என்று குறித்திருந்தாலும் ஒரு மீட்டர் நன்னீரில் அரை மணி நேரம் தாங்கும் என்றுதான் பொருள், மிதக்கும் என்று அல்ல.

ஸ்கோப்புல செல்போனை வெச்சுப் படம் எடுத்தா ஓரமெல்லாம் கறுப்பா வருது. ஏன்?

போனின் லென்ஸ், ஒளிவட்டத்துக்கு நேராகவும் சரியான தள்ளலிலும் இல்லை. கையால் பிடிக்காமல் அடாப்டர் மாட்டுங்கள். போனின் முதன்மைக் கேமராவை மட்டும் பயன்படுத்தி, லேசாக ஜூம் செய்தால் கறுப்பு ஓரம் போய்விடும். பல கேமரா உள்ள போன் தானாக வேறு லென்ஸுக்குத் தாவினால் படம் காணாமல் போகும், அந்த வசதியை அணைத்துவிடுங்கள். ஸ்கோப்பை 20, 25 மடங்கில் வைத்து, இரண்டு நொடி டைமரில் எடுங்கள். விரல் திரையைத் தொடும் அதிர்வே படத்தைக் கெடுக்கும்.

பெரிய குழலை வெச்சுட்டு நின்னா போலீஸ், நேவி கேக்குமா?

கேட்கும், கேட்கவும் வேண்டும். சர்வதேசக் கடல் எல்லையை ஒட்டிய பகுதி, உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது. ஆதார் அட்டையும் பறவைக் கையேடும் கையில் இருக்கட்டும். கேட்டவரை ஸ்கோப் வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள், பேச்சு அதோடு முடிந்துவிடும். கடற்படை, கடலோரக் காவல் இடங்கள் பக்கம் குழலைத் திருப்பாதீர்கள். ட்ரோனைத் தொடவே வேண்டாம்.

மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அனுமதியின்றி இறங்கக் கூடாது. மீனவர் யாரேனும் கொண்டுபோய் விடுகிறேன் என்றாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள், வழக்கு அவர் மேலும் விழும். பாம்பனை அடுத்த குந்துகாலில் கரையில் நின்றே ஸ்கோப்பில் பார்ப்பது சிக்கலில்லாதது.

உள்ளான் கால்ல கலர் பட்டையும் எழுத்தும் இருந்துச்சு, படிக்க முடியல. அடுத்த தடவை எப்படிப் படிக்கிறது?

வலசைப் பாதையை அறிய ஆய்வாளர்கள் கட்டும் கொடி அது. எழுத்தின் உயரம் சில மில்லிமீட்டர்தான். 40 மடங்கில் நூறு மீட்டருக்குள், கானல் இல்லாத காலையில், வெயில் முதுகில் இருந்தால் படிக்கலாம். கிட்டே நடந்து போய்ப் படிக்க முயலாதீர்கள்: மேய்ச்சலை நிறுத்தித் தலையைத் தூக்கினால் அதுவே எல்லை, இரண்டடி பின்வாங்குங்கள். பல்லாயிரம் கிலோமீட்டர் பறக்க வேண்டிய பறவை தின்று சேர்க்கும் கொழுப்பை உங்களுக்காக ஓடிச் செலவழிக்கக் கூடாது. இங்கே ஓதம் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவு. காற்று எந்தப் பக்கம் தண்ணீரைத் தள்ளுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கச் சேறுதான் வெளிப்படும். அந்த ஓரத்தில் முன்கூட்டியே உட்கார்ந்துவிட்டால் பறவை தானாக மேய்ந்து நெருங்கும்.

எழுத்து தெரியாவிட்டாலும் கண்டதைக் குறியுங்கள்: எந்தக் கால், முட்டிக்கு மேலா கீழா, கொடி ஒன்றா இரண்டா, மேலே எந்த நிறம், கீழே எந்த நிறம், மற்றக் காலில் உலோக வளையம் உண்டா. நிறச் சேர்க்கை நாட்டுக்கு நாடு வேறு என்பதால் அதை வைத்தே எங்கே கட்டியது என்று சொல்லிவிடுவார்கள். இடம், தேதி, நேரத்தோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பலாம். மங்கலான படமாக இருந்தாலும் சேர்த்து அனுப்புங்கள், நிறத்தை வெட்டித் திருத்தாமல் எடுத்தது எடுத்தபடி.